முப்பத்தொன்றுக்கு அடுத்த எண்

புக்கிட் செலம்பாவ்,
9 மார்ச் 2025

அன்புள்ள தம்பி சசிதரனுக்கு,

அக்கா உமாராணி எழுதுவது. இங்கு நான், உன் மாமா பரஞ்சோதி, பிள்ளை சாந்தினி மூவரும் சுகம். உன் சுகத்தையும் இரண்டு வரி எழுதினால் நிம்மதியாக இருக்கும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. வேறு வழி வைத்திருக்கிறாயா நீ? போனில் பேச வைத்தால் நீயும் பேசுவதில்லை, உன் மகளும் பேசுவதில்லை. இரண்டு பக்கமும் மூச்சு விடும் சத்தம்தான். நடுவில் நான் 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. கடிதம் என்றால் உன் அறையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டாவது இருக்கும்.

ஷாமளாவின் காரியம் முடிந்த கையோடு நீ ஜொகூருக்கு வேலைக்குப் போனதை நான் குறை சொல்லவில்லை. அவளோடு குடும்பம் நடத்திய மெர்போக் வீட்டில் உன்னால் இருக்க முடியவில்லை. பிள்ளையை நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் நான்தான். ஆனால் இப்போது எழுதுவது அத்தையாக மட்டும் இல்லை, டீச்சராகவும்தான்.

சாந்தினி முதலாம் ஆண்டில் சேர்ந்து சில வாரம்தான் ஆகிறது. அதற்குள் அவளுடைய வகுப்பாசிரியை அவளை என் அறைக்கு அனுப்பிவிட்டார். என் அறை எதுவென்று உனக்குத் தெரியும். கட்டடத்தின் கோடியில், வாசிக்க வராத, எழுத வராத, கணக்கு ஏறாத பிள்ளைகள் வந்து உட்காரும் குறைநீக்கல் வகுப்பு. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே பாய் விரித்து உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டுப் பிள்ளையே வந்து உட்காருவாள் என்று நினைக்கவில்லை.

போன வருடம் அவள் படித்த பாலர் பள்ளிக்குப் போன் போட்டேன். "அவளா? வரும்போதே வாசிச்சிக்கிட்டுதான் வந்தா டீச்சர். நாங்க ஒண்ணும் புதுசா சொல்லித் தரலைலா" என்கிறார்கள். இங்கே புத்தகத்தைத் திறந்தால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்கிறாள். ஆட்டின் படத்தைப் பார்க்கிறாள். கீழே 'ஆடு' என்று போட்டிருப்பதைப் பார்ப்பதில்லை. கண் அந்தப் பக்கம் போவதே இல்லை.

ஷாமளா வீட்டில் எதை வைத்து அவளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தாள்? அது தெரிந்தால் நானும் அதே வழியில் போவேன். வேறு எதை எழுதாவிட்டாலும் இதை எழுது.

நோன்புப் பெருநாளுக்கு லீவு கிடைக்குமா? நாலு நாள் வந்து இரு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
உமாராணி


பாசிர் கூடாங்,
27 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

வேலை பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில். எந்தப் பாட்டிலுக்கு மூடி என்று தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மெஷினிலிருந்து மூடி வரும், பெட்டியில் விழும். பெட்டி நிறைந்தால் அடுத்த பெட்டியை வைக்க வேண்டும். சத்தம் அதிகம் என்று காதில் அடைத்துக்கொள்ள ஏதோ கொடுத்திருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேச முடியாது. எனக்கு அது சௌகரியமாக இருக்கிறது.

அறை எப்படி என்று கேட்பீர்கள். ஒரு மெத்தை, ஒரு மின்விசிறி, ஒரு வாளி, சுவரில் ஒரு பழைய நாள்காட்டி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.

சாப்பிடுகிறேன். உப்பு கூடவா குறையவா என்று தெரிவதில்லை. ஆனால் சாப்பிட்டுவிடுகிறேன்.

பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் எல்லாரும் ஊருக்குப் போகிறார்கள். மெஷினைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளையை அடிக்க வேண்டாம்.

தம்பி,
சசிதரன்


புக்கிட் செலம்பாவ்,
20 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லாரும் சுகம். நீ 'இருக்கிறேன்' என்று எழுதியதைச் சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பிள்ளையை அடிக்க வேண்டாமாம். என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது உனக்கு? ஆறாம் வாய்ப்பாடு ஒப்பிக்காததற்கு உன்னை இரண்டு தட்டு தட்டியது உண்மைதான். அது அந்தக் காலம். இப்போது நாங்கள் பிள்ளைகளைத் தொடுவதே கிடையாது, கெஞ்சுவதோடு சரி.

கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, வாளி இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். வாளியை வைத்து நான் பாடம் நடத்தவா? போகட்டும், கணக்குப் பாடத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் வகுப்பில் ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருப்பேன். பத்து என்றால் ஒரு கட்டு என்பது கைக்குப் புரிந்தால்தான் தலைக்குப் புரியும். சாந்தினியை எண்ணச் சொன்னேன். தடங்கலே இல்லாமல் எண்ணினாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று. பிறகு ஒன்று. மறுபடி முதலிலிருந்து முப்பத்தொன்று, மறுபடி ஒன்று. முப்பத்திரண்டு என்று நான் எடுத்துக்கொடுத்தால், கிறுக்கியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறாள். ஒன்பதில் நிற்கும் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். பத்தொன்பதில் தடுமாறாத பிள்ளையே கிடையாது. முப்பத்தொன்றில் நிற்கும் பிள்ளையை என் சர்வீஸில் இப்போதுதான் பார்க்கிறேன்.

இன்னொன்று. எந்தப் பாடமானாலும் முதலில் நோட்டின் மேலே தேதி எழுத வேண்டும். நான் வெண்பலகையில் எழுதிப் போட்டிருப்பேன், பார்த்து எழுதினால் போதும். இவள் தினமும் 21 என்று எழுதுகிறாள். "இன்னிக்கி பதினாறுடா தங்கம்" என்று அழித்துக் கொடுத்தால் மறுபடி 21. ஓர் எழுத்தும் எழுதாதவள் இந்த எண்ணை மட்டும் அழகாக எழுதுகிறாள். ஷாமளா காலமான தேதியோ என்று முதலில் பயந்தேன். அது இருபத்தாறு அல்லவா. இருபத்தொன்று என்ன, உனக்குத் தெரியுமா?

வீட்டில் எங்களோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். மாமாவின் மோட்டர் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து கடைக்குப் போகிறாள். பேசுகிறாள், சாப்பிடுகிறாள். அழுவதில்லை. அதுதான் எனக்கு என்னவோபோல் இருக்கிறது.

உடனே பதில் போடு.

அக்கா,
உமாராணி


பாசிர் கூடாங்,
18 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பதில் போடத் தாமதமாகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. படுத்தால் வருவதில்லை.

இங்கே தினமும் சாயங்காலம் மழை. மெஷின் ஒன்று கெட்டுப்போய் ஒரு வாரம் மூடி எல்லாம் கோணலாக வந்தது. கோணல் மூடியைப் பொறுக்கித் தனியாகப் போடும் வேலை எனக்கு. பிறகு சரியாகிவிட்டது.

இருபத்தொன்று பற்றி எனக்குத் தெரியாது.

ஆறாம் வாய்ப்பாடு இப்போது தெரியும்.

பள்ளி விடுமுறைக்கு வரச் சொல்வீர்கள். பார்க்கிறேன்.

தம்பி,
சசிதரன்


புக்கிட் செலம்பாவ்,
15 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லாரும் சுகம். 'பார்க்கிறேன்' என்றாய், நாங்களும் விடுமுறை முடியும்வரை வாசலைப் பார்த்தோம். நீ வரக்கூடும் என்று அவளிடம் சொல்லாமல் கோழி எடுத்து வைத்திருந்தேன். கடைசியில் நாங்களே சாப்பிட்டோம்.

இப்போது நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு மழை, மெஷின் என்று எழுதாதே.

தலைமையாசிரியர் அய்யாவு சார் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். "டீச்சர், அத்தையா பாக்காதீங்க, ஆசிரியரா பாருங்க. நாலு மாசமாச்சு. ஓர் எழுத்துகூட வரல. தினம் ஒரே தேதி எழுதுது. டாக்டர்ட்ட அனுப்பிப் பாத்துருவோம்" என்றார். டாக்டர் எழுதிக் கொடுத்தால், சுங்கை பட்டாணியில் சிறப்புக் கல்வி வகுப்பு உள்ள பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அதற்கு அப்பா கையெழுத்துப் போட்ட விண்ணப்பப் பாரம் வேண்டும்.

அந்த வகுப்பை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. தேவைப்படும் பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. என் கையாலேயே பல பிள்ளைகளை அனுப்பியிருக்கிறேன், நன்றாக இருக்கிறார்கள். ஆனால் மெதுவாக வரும் பிள்ளை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுத்தைப் பார்த்துத் திணறும், ஊகிக்கும், என் முகத்தைப் பார்க்கும். இவள் திணறவில்லை, சசி. வாசிக்கத் தெரியாத பிள்ளை இல்லை இவள். வாசிக்க மாட்டேன் என்று இருக்கிறாள். எனக்குக் காரணம் தெரியவில்லை. சாரிடம் இதைச் சொன்னால் அத்தை பேசுகிறாள் என்று நினைக்கிறார்.

பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். சட்டப்படி உனக்கு அனுப்ப வேண்டும், அதனால் அனுப்புகிறேன். கையெழுத்துப் போடாதே. வந்து அவள் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார். வர முடியாதென்றால், ஷாமளா எப்படிச் சொல்லிக் கொடுத்தாள் என்றாவது எழுது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா,
உமாராணி


பாசிர் கூடாங்,
19 ஜூன் 2025

அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். பாரத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். எந்த இடத்தில் என்று தெரியாமல் இரண்டு இடத்திலும் போட்டுவிட்டேன். உங்களுக்கு எது நல்லது என்று தோன்றுகிறதோ செய்யுங்கள்.

சசிதரன்


புக்கிட் செலம்பாவ்,
3 ஜூலை 2025

சசிதரனுக்கு,

இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்கப் போவதில்லை.

ஒரு கேள்விக்கு மார்ச்சிலிருந்து பதில் இல்லை. கையெழுத்து மட்டும் பறந்து வருகிறது. அதுவும் இரண்டு இடத்தில். இரண்டாவது இடம் சாட்சிக்கானது. உன் மகளுக்கு நீயே அப்பாவாகவும் நீயே சாட்சியாகவும் இருக்கிறாய். ரொம்ப நல்லது.

கோபத்தில் இரண்டு நாள் மாமாவிடம்கூடப் பேசவில்லை. அவர், "அவன் மனசு மரத்துப் போச்சு உமா, மரத்துப் போன காலுல அடிச்சா அடிச்சவங்களுக்குத்தான் வலிக்கும்" என்றார். எனக்கு வலிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

பாரத்தை நான் கொடுக்கவில்லை. சாரிடம் தவணை கேட்டேன். அக்டோபர் முடிவதற்குள் அவள் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் வாசித்துக் காட்டினால் பாரம் தேவையில்லை என்று ஒப்புக்கொண்டார். வாசிக்காவிட்டால் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுப்பேன். அடம் பிடித்து ஒரு பிள்ளையின் வருடத்தை வீணாக்கும் டீச்சர் இல்லை நான்.

உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்.

உமாராணி


புக்கிட் செலம்பாவ்,
24 ஆகஸ்டு 2025

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். நீ எழுதாததால் நானே எழுதுகிறேன். கோபம் இன்னும் இருக்கிறது, அதை ஓர் ஓரமாக வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வரும் வழியில், கோயில் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கும் ராக்காயி அக்காவிடம் பூ வாங்கினேன். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். சாந்தினி அதை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தாள். திடீரென்று பின்னாலிருந்து, "எமகண்டம்" என்றாள்.

காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். என்ன சொன்னாய் என்று கேட்டேன். பூச்சுற்றிய தாளில் ஒரு விரலை வைத்துக்கொண்டிருந்தாள். ராசி பலனும் நல்ல நேரமும் போடுவார்களே, அந்தக் கட்டம். அவள் விரல் வைத்திருந்த இடத்தில் 'எமகண்டம்' என்றுதான் இருந்தது. 'ஆடு' வாசிக்காத பிள்ளை எமகண்டம் வாசிக்கிறாள்! எனக்குச் சிரிப்பும் வந்தது, உடம்பெல்லாம் சிலிர்க்கவும் செய்தது. இன்னும் வாசி என்றேன். கீழே விரல் போனது. மேஷம், ரிஷபம் என்று உதடு அசைந்தது. அடுத்ததில் நின்றது. தாளைக் கசக்கி ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டாள். பூவையும் சேர்த்து.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். முப்பத்தொன்றுக்குப் பிறகு ஒன்று. தினமும் ஒரு தேதி. ராசி, எமகண்டம். இவ்வளவு நாளாக எனக்கு உறைக்கவில்லையே என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் நாள்காட்டி மாட்டுவதில்லை, எல்லாம் போனில் பார்த்துக்கொள்கிறோம். அதனால் தோன்றவில்லை.

தினம் ஒரு தாள் கிழிக்கிற நாள்காட்டியை வைத்துத்தான் ஷாமளா சொல்லிக் கொடுத்தாள், இல்லையா? அந்த நாள்காட்டி எங்கே, சசி?

அக்கா,
உமாராணி


பாசிர் கூடாங்,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இருக்கிறேன்.

நாள்காட்டி என்னிடம் இருக்கிறது. முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். நீங்கள் கவனிக்கக் கூடாது என்றுதான் வாளிக்குப் பக்கத்தில் எழுதினேன்.

காலையில் குளித்துவிட்டுத்தான் தாளைத் தொட வேண்டும். அது ஷாமளா வைத்த சட்டம். பிள்ளை நாற்காலியில் ஏறி நின்று கிழிப்பாள். வேறு யாரும் கிழிக்கக் கூடாது. ஒரு நாள் நான் தெரியாமல் கிழித்து, வீடு ரெண்டுபட்டது. ஷாமளா பசை போட்டு ஒட்டிக் கொடுத்தாள். "நீ கிழிச்சாத்தான்டி நாள் மாறும்" என்பாள். கிழித்ததும் தேதி, கிழமை, நல்ல நேரம் எல்லாம் வாசிக்க வேண்டும். கடைசியில் ராசி. ஒரு ராசிக்கு ஒரு சொல்தான் இருக்கும். அம்மாவுக்கு மிதுனம், எனக்குக் கும்பம், அவளுக்குக் கடகம். அந்தச் சொல்லை வைத்து நாள் முழுக்க விளையாட்டு. 'செலவு' என்று இருந்தால் பாசாரில் எதையும் வாங்கவிடாமல் அம்மா கையைப் பிடித்து இழுப்பாள். 'கோபம்' என்று இருந்தால் ஷாமளா அன்றைக்குச் சும்மாவே முறைத்துக்கொண்டு நிற்பாள். பிள்ளைக்கு எழுத்து வந்தது அப்படித்தான்.

நவம்பர் இருபத்தொன்று காலையில் ஷாமளாவால் எழுந்து நிற்க முடியவில்லை. காய்ச்சல் முந்தின வாரமே இருந்தது. மோட்டரில் கொண்டுபோக முடியாது என்று பக்கத்து வீட்டில் கார் கேட்கப் போனேன். திரும்பி வந்தபோது பிள்ளை நாற்காலியில் நின்றிருந்தாள். குளித்து, தலையில் ஈரத்தோடு. கிழித்த இருபதாம் தேதித் தாள் கையில் இருந்தது, சுவரில் இருபத்தொன்று. "மிதுனம், சுகம். அம்மாவுக்குச் சுகம்" என்று சத்தமாக வாசித்தாள். ஷாமளா சிரித்தாள். "அப்புறமென்ன, எனக்கு ஒண்ணும் ஆவாதுலா, அதான் போட்டிருக்கே" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். ஆஸ்பத்திரியில் டிங்கிக் காய்ச்சல் என்றார்கள். பிள்ளை அதற்குப் பிறகு அம்மாவை உயிரோடு பார்க்கவில்லை.

வீட்டைக் காலி செய்தபோது இதை மட்டும் பையில் வைத்தேன். பிள்ளை கண்ணில் படக்கூடாது என்றுதான் எடுத்தேன் என உங்களிடம் சொல்லலாம். அது பாதிதான். சுவரில் அந்தத் தாள் இருக்கும்வரை ஷாமளா காரில் ஏறி உட்கார்ந்ததோடு நிற்கிறாள். அதற்குப் பிறகு நடந்தது நடக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

பிள்ளையும் அதே தேதியில் நிற்கிறாள் என்று நீங்கள் ஏப்ரலில் எழுதியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. தெரியாது என்று எழுதினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கை அப்படி எழுதியது. பாரத்திலும் கைதான் கையெழுத்துப் போட்டது.

நாள்காட்டியை இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். சுவரில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. நான் ஒரு தாளும் கிழிக்கவில்லை. அவள்தான் கிழிக்க வேண்டும்.

தம்பி,
சசிதரன்


புக்கிட் செலம்பாவ்,
5 அக்டோபர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

'இங்கு எல்லாரும் சுகம்' என்று எழுதப் பேனாவை வைத்தேன், முடியவில்லை. இத்தனை கடிதத்திலும் அந்தச் சொல்லைத் தலையில் எழுதி உனக்கு அனுப்பியிருக்கிறேன். நீ ஒரு தடவையும் திருப்பி எழுதவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. இனி எழுத மாட்டேன். எல்லாரும் இருக்கிறோம்.

பார்சல் வந்து நாலைந்து நாள் பீரோவிலேயே வைத்திருந்தேன். டீச்சர் என்று பெயர்தான், பயமாக இருந்தது. இங்கே வெள்ளியும் சனியும்தானே பள்ளி இல்லாத நாள், வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தேன். காலையில் அவள் எழுவதற்கு முன் சமையலறைச் சுவரில் மாட்டினேன். எழுந்து வந்தாள். பார்த்தாள். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. நேராகக் குளிக்கப் போனாள்.

ஈரத்தலையோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். வாசித்தாள், சசி. நவம்பர், வியாழன், நல்ல நேரம், ராகு காலம், எல்லாம். ஏழு மாதம் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று கெஞ்சியவள் நான். அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன். மேஷம், வரவு. ரிஷபம், பயம். மிதுனத்தில் நின்றாள். என் பக்கம் திரும்பினாள்.

"அத்தே, இது பொய்தானே?"

அச்சில் இருப்பதை நம்பச் சொல்வதுதான் என் பிழைப்பே. நம்பாத பிள்ளைக்கு வாசிப்பு வராது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல வரவில்லை. "ஆமாம்மா, பொய்தான்" என்றேன்.

"அப்ப ஏன் போட்டாங்க?"

"போட்டவங்களுக்கு அம்மாவத் தெரியாது. தெரியாமப் போட்டுட்டாங்க."

"தப்பா போட்டா?"

"திருத்தணும். நான் உங்க நோட்டுல திருத்துறேன்ல, அந்த மாதிரி."

யோசித்தாள். பிறகு தாளைக் கிழித்தாள். நான் அழுதேன், அவள் அழவில்லை. நாலாக மடித்துப் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளாக வாசித்து வாசித்துக் கிழித்தாள். இருபத்தாறும் போனது. எனக்குத்தான் அது ஷாமளா காலமான நாள், அவளுக்கு அது வெறும் செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் டிசம்பர் முப்பத்தொன்று வந்தது. அட்டை மட்டும் மிஞ்சியது. "அப்புறம் ஒண்ணு" என்றாள். ஒன்று எங்கே?

ராக்காயி அக்காவிடம் கூட்டிப் போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கடையில் தொங்கிய இந்த வருட நாள்காட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அது நேற்றைய தேதியில், அக்டோபர் நாலில் இருந்தது. நடுவிலே உள்ளதெல்லாம் எங்கே என்று சாந்தினி கேட்டாள். "அதெல்லாம் நாந்தான் கிழிச்சேன். நீ லேட்டா வந்தா நான் என்னாடி பண்ணுவேன்?" என்றார் அவர். அது நியாயமாகப் பட்டது போலிருக்கிறது. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

இன்று வகுப்பில் தேதி எழுதச் சொன்னேன். 5 என்று எழுதினாள். பாடப்புத்தகத்தைத் திறந்தேன். "ஆடு" என்றாள், இதென்ன பெரிய விஷயம் என்பதுபோல். சாரைக் கூப்பிட்டு வந்தேன். அவர் நின்றபடியே இரண்டு பக்கம் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாரம் வேணாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாரம் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. நான் கிழிக்க மாட்டேன். நீ இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், நீயே வந்து கிழி.

துக்கம் ஒரு வருடம் முடியாததால் இந்தத் தீபாவளி நமக்கு இல்லை. பலகாரம் கிடையாது, புதுத்துணி கிடையாது. ஆனால் லீவு உண்டு. வருவதும் வராததும் உன் இஷ்டம். அவள் உனக்குத் தனியாக எழுதப் போகிறாளாம். நான் தொடக்கூடாதாம்.

அக்கா,
உமாராணி


புக்கிட் செலம்பாவ்
12 அக்டோபர் 2025
ஞாயிறு

அப்பா,

நான் சாந்தினி. நானே எழுதுறேன். அத்தை பக்கத்தில் இருக்காங்க. ஆனால் சொல்லித் தரவில்லை.

சாப்பிட்டீங்களா.

முப்பத்தொன்றுக்கு அடுத்து முப்பத்திரண்டு. எனக்கு நூறு வரை தெரியும். நாள்காட்டிக்குத்தான் தெரியாது.

21ஆம் தாள் உங்களுடையது. அதனால் அனுப்புறேன். அதில் ஒரு தப்பு இருந்தது. சிவப்புப் பென்சிலில் அடித்துவிட்டேன். மற்றதெல்லாம் சரி.

இன்று கும்பத்துக்குப் பயணம் என்று போட்டிருக்கு. அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. நீங்கதான் திருத்தணும்.

சாந்தினி